வேட்டைல அப்படி என்னதான் இருக்கு? என்கிட்ட அடிக்கடி கேக்கற கேள்விகள்

வேட்டை சட்டப்படி நடக்கற ஒரு நாட்டுல, பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, வருஷத்துல சில வாரம் மான் வேட்டைக்கு போறவன் நான். முப்பது வயசு தாண்டித்தான் ஆரம்பிச்சேன். விஷயம் தெரிஞ்சதும் பாதிப்பேர் மூஞ்சி மாறும், மீதிப்பேர் கேள்வி கேப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிச்சுப்போச்சு, அதான் மொத்தமா எழுதி வச்சுட்டேன்.

ஒரு உசுர கொல்றதுல என்னங்க சந்தோஷம்?

எல்லாரும் முதல்ல கேக்கறது இதுதான். கொல்ற அந்த நிமிஷத்துல சந்தோஷம்னு ஒன்னும் கிடையாது, எனக்கு கிடையாது, நான் மதிக்கிற வேட்டைக்காரங்க யாரும் அப்படி சொல்லி நான் கேட்டதும் இல்ல. திருப்தி உண்டு, பயம் உண்டு, கை நடுக்கம் உண்டு, அப்பாடான்னு ஒரு நிம்மதி உண்டு, இதெல்லாம் கலந்து தொண்டைல ஏதோ அடைச்ச மாதிரி இருக்கும். அதே சமயம் "கொல்றது எனக்கு முக்கியமே இல்ல, இயற்கைய ரசிக்கத்தான் போறேன்"னு சொல்ற ஆளையும் நான் நம்ப மாட்டேன். துப்பாக்கிய தோள்ல மாட்டிட்டு போறவன் அப்படி சொன்னா அது சும்மா நல்லபேர் வாங்கற பேச்சு. கொலை அதுல ஒரு பகுதி, அத மறைச்சு பேசினா மீதி எதுவும் புரியாது.

அப்போ கேமரா எடுத்துட்டு போலாமே? அதே காடு, அதே மான்தானே?

போயிருக்கேன், ரெண்டு வருஷம் போட்டோ மட்டும்தான் எடுத்தேன். வித்தியாசம் எங்கன்னா, கேமராவோட போனா தப்பு பண்ணலாம். போகஸ் போச்சா, இன்னொரு க்ளிக், மான் ஓடிடுச்சா, அடுத்தது வரும், யாருக்கும் நஷ்டம் இல்ல. துப்பாக்கியோட உக்காந்தா அந்த சலுகை கிடையாது. பின்னாடி என்ன இருக்கு, பக்கத்துல குட்டி நிக்குதா, நடுவுல குச்சி ஏதாவது மறைக்குதா, எவ்ளோ தூரம், என் மூச்சு எப்படி இருக்கு, இது எல்லாத்தையும் பாத்தாகணும், ஏன்னா செஞ்சத திருப்பி எடுக்க முடியாது. அந்த திருப்பி எடுக்க முடியாததுதான் கவனத்த எங்கேயோ கொண்டுபோய் நிறுத்துது. மணிக்கணக்கா உக்காந்து ஒரு இலை அசைஞ்சாலும் காத்துல அசைஞ்சுதா ஒரு காது பட்டு அசைஞ்சுதான்னு யோசிக்கற மூளை எனக்கு வேற எங்கயும் வாய்க்கல, ஆபீஸ்ல பத்து நிமிஷம் ஒரு மெயில படிக்க முடியாதவன் நான்.

போட்டோ எடுக்கறவங்க மட்டமான ஆளுங்கன்னு அர்த்தம் இல்ல, சில பேர் எங்கள விட நல்லா காட்ட படிப்பாங்க. எனக்கு அப்படி, அவ்ளோதான்.

ஒரு நாள் வேட்டைனா உண்மைல என்ன நடக்கும்?

ஒன்னும் நடக்காது. பெரும்பாலான நாள் கதை அதுதான்.

விடியறதுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி டார்ச்ச கீழ பாத்து புடிச்சிட்டு நடப்போம். பரண்ல ஏறினதும் முதல் வேலை காத்து பாக்கறது. ஒரு சின்ன டப்பால பவுடர் வச்சிருப்போம், லேசா அமுக்கினா புகை மாதிரி வரும், அது எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் இருக்கற எந்த மானும் இன்னைக்கு நம்ம கணக்குல இல்ல. மான் கண்ண ஏமாத்தலாம், காத கொஞ்சம் ஏமாத்தலாம், மூக்க ஏமாத்தவே முடியாது. அதுலயும் மலைச்சரிவுன்னா காத்து ரெண்டு வேளையும் ஒரே மாதிரி இருக்காது, வெயில் ஏறினா சூடான காத்து மேல ஏறும், சாயங்காலம் குளிர்ந்ததும் தண்ணி மாதிரி பள்ளத்துக்கு வழியும். காலைல சரியா இருந்த இடம் சாயங்காலம் தப்பான இடம் ஆயிடும். இது எந்த வகுப்புலயும் மண்டைல ஏறல, நாலு தடவ கண்ணு முன்னாடி வந்த மான் திடீர்னு தலைய தூக்கி, மூக்க நீட்டி, புஸ்ஸுன்னு ஊதிட்டு பறந்த பிறகுதான் ஏறிச்சு.

அப்புறம் குளிர், கால் மரத்துப்போகும். முதல் அரைமணி நேரம் காடு மூச்சு விடாம இருக்கும், நாம வந்தது அதுக்கு தெரியும். அதுக்கப்புறம் மெல்ல மெல்ல நம்மள மறந்துடும். அணில் பூட்ஸ் மேல ஏறிப்போகும், ஆந்தை ஒன்னு பக்கத்து கிளைல வந்து உக்காந்து என்னைய ஒரு மரக்கட்டைனு முடிவு பண்ணிட்டு கண்ண மூடிக்கும். வேட்டைக்காரன்கிட்ட ஆழமா தோண்டி கேட்டா கடைசில இந்த மறக்கப்படற உணர்வத்தான் சொல்வான்னு நினைக்கிறேன், பார்வையாளனா வெளிய நிக்காம அந்த இடத்துக்கு உள்ள இன்னொரு மிருகமா இருக்கறது.

பதினொரு மணிக்கு இறங்கி வெறுங்கையோட வீட்டுக்கு. இப்படி பத்து தடவைல எட்டு ஒன்பது தடவை, எனக்கு.

பொறுமையா உக்காந்திருக்கறதுதான் திறமையா?

அது ஒரு வகை. தடம் பாத்து போறது இன்னொரு வகை, அதோட உச்சம் காலஹாரி பாலைவனத்து சான் மக்கள். கொளுத்தற வெயில்ல குடு மாதிரி பெரிய மான்கள பல மணி நேரம் விடாம துரத்துவாங்க. மனுஷன் வேர்த்து வேர்த்து உடம்ப ஆத்திக்குவான், மான் பாய்ஞ்சு ஓடும்போது அந்த வேகத்துக்கு அதால சூட்ட வெளியேத்த முடியாது, நிழல்ல நின்னு இளைப்பாறணும், இவங்க இளைப்பாற விட மாட்டாங்க, கடைசில அது நின்னுடும். லூயி லீபன்பெர்க்னு ஒருத்தர் அவங்க கூடவே ஓடி இத பதிவு பண்ணிருக்கார். அதுல எனக்கு புடிச்சது ஓட்டம் இல்ல. தடம் காணாம போற இடத்துல அவங்க நின்னு, இப்ப நான் அந்த மானா இருந்தா, இவ்ளோ களைச்சிருந்தா, எங்க திரும்புவேன்னு யோசிக்கறாங்க. துரத்தறவன் துரத்தப்படறதா மாறி யோசிக்கணும். அறிவியல் சிந்தனையே இப்படி தடம் படிக்கறதுலதான் ஆரம்பிச்சுதுன்னு லீபன்பெர்க் வாதாடறார், அது எவ்ளோ தூரம் சரியோ, ஆனா தடம் பாத்து பழகினவங்க யாரும் சிரிக்க மாட்டாங்க.

சுட்டதுக்கு அப்புறம்?

இத யாரும் சரியா கேக்கறதில்ல, எனக்கு வேட்டைன்னா பாதி இங்கதான் இருக்கு.

நெஞ்சுல சரியா பட்ட மான் கூட அங்கேயே விழறது கம்மி, துள்ளி ஓடிடும். உடனே பின்னாடி ஓடக்கூடாது, ஓடினா பயத்துல இன்னும் தூரம் போகும். அரைமணி நேரம் காத்திருக்கணும், என் வாழ்க்கைல நீளமான அரைமணி நேரங்கள் அதுதான். அப்புறம் இறங்கிப்போய் அது நின்ன இடத்துல குனிஞ்சு தேடணும். ரத்தம் இளஞ்சிவப்பா நுரையோட இருந்தா நுரையீரல், பக்கத்துலயே கிடக்கும். கருஞ்சிவப்பா இருந்தா ஈரல்னு வச்சுக்கலாம், இன்னும் நேரம் குடுக்கணும். பச்சை கலந்து சாணி வாடை அடிச்சா வயித்துல பட்டிருக்கு, மணிக்கணக்கா காத்திருக்கணும், அந்த வாடை மூக்குல ஏறின நிமிஷமே அடிவயிறு கலங்கும், ஏன்னா தப்பு நம்மளோடது, வலி அதோடது. ஒவ்வொரு சொட்டு பாத்த இடத்துலயும் டிஷ்யூ பேப்பர் துண்டு ஒன்னு போட்டுட்டு போவோம், தடம் போயிடுச்சுன்னா திரும்பிப் பாத்தா வெள்ளையா ஒரு கோடு தெரியும், அது எந்தப் பக்கம் சாயுதுன்னு ஒரு ஊகம் கிடைக்கும்.

கண்டுபிடிச்சதும் பின்பக்கமா போய் நீளமான குச்சியால கண்ண தொட்டுப் பாக்கணும். சிமிட்டலைன்னா முடிஞ்சுது. உடம்பு சூடா இருக்கும். சீக்கிரம் குடல எடுக்கலைன்னா கறி கெட்டுடும், அதனால உக்காந்து அழவோ தத்துவம் பேசவோ நேரம் இருக்காது, கத்திய எடுத்தாகணும். குளிர்ல வயித்த திறந்தா ஆவி வரும், மரத்துப்போன கைக்கு அந்த சூடு இதமா இருக்கும், இதமா இருக்கேன்னு கூச்சமாவும் இருக்கும். கொஞ்ச நேரத்துல உடம்பு ஆற ஆற உண்ணியெல்லாம் முடிக்குள்ள இருந்து வெளிய நடக்க ஆரம்பிக்கும், வீடு காலி பண்றவங்க மாதிரி. முதல் தடவை அத பாத்தப்பதான் நான் என்ன பண்ணிருக்கேன்னு எனக்கு முழுசா உறைச்சுது, துப்பாக்கி சத்தத்துல இல்ல.

அடி தப்பி, காயத்தோட ஓடிப்போயிட்டா?

நடக்கும். எனக்கு ஒரு தடவை நடந்துச்சு. ராத்திரி பத்து மணி வரைக்கும் தேடினோம், மறுநாள் மோப்ப நாயோட ஒரு நண்பர் வந்தார், ஓடைக்கரை வரைக்கும் தடம் இருந்துச்சு, அதுக்கப்புறம் இல்ல. அந்த சீசன் முழுக்க நான் போகல. சட்டப்படி என் பெர்மிட்ல இன்னொன்னு மிச்சம் இருந்துச்சு, ஆனா கணக்குல அது முடிஞ்சுதுன்னு எழுதிக்கிட்டேன். இந்த மாதிரி கதைய சொல்லாத வேட்டைக்காரன் ஒன்னு புதுசு, இல்ல பொய் சொல்றான்.

கறி கடைல கிடைக்குதே, அப்புறம் எதுக்கு?

பணம் மிச்சம் ஆகும்னு சொல்லாதீங்க, பெட்ரோல், லைசென்ஸ், துணிமணி, ஃப்ரீசர் எல்லாம் கூட்டினா கடைக்கறியே சீப். நான் கறி சாப்பிடற ஆள். சாப்பிடற ஒவ்வொரு தடவையும் எனக்காக யாரோ எங்கேயோ கொல்றாங்க, அத நான் பாக்கறதே இல்ல. வருஷத்துல ஒரு தடவையாவது அந்த வேலைய நானே செய்யணும்னு தோணிச்சு, அதுல ஆரம்பிச்சதுதான். இப்போ ஃப்ரீசர்ல ஒரு பொட்டலத்த எடுத்தா அது எந்த நாள் காலைல அடிச்சது, எந்த ஓடை, மழை பேஞ்சுதா இல்லையான்னு தெரியும், அத வீணாக்க மனசு வராது, தட்டுல மிச்சம் வைக்கற புள்ளைங்கள முறைக்கறேன்.

சைவம் சாப்பிடறவங்க என்னைய திட்டினா பதில் பேச மாட்டேன், அவங்க வாதம் என்னோடத விட நேரா இருக்கு. கோழிக்கறிய மென்னுகிட்டே திட்டறவங்ககிட்டதான் பேச்சு நீளும்.

இது ஆம்பளைங்க வீரத்த காட்டிக்கற விஷயம்தானே?

சில பேருக்கு அப்படித்தான். ஆனா வேட்டைன்னாலே ஆம்பளைங்கறது பழைய எண்ணம். பிலிப்பைன்ஸ்ல ஆக்தா இனப் பெண்கள் வில்லும் நாயுமா காட்டுப்பன்னி, மான் வேட்டைக்கு போறத ஆராய்ச்சியாளர்கள் எழுதிருக்காங்க. பெரு நாட்டு மலைல சுமார் 9,000 வருஷம் பழைய ஒரு புதைகுழிய பத்தி 2020ல கட்டுரை வந்துச்சு, வேட்டைக் கருவிகளோட புதைக்கப்பட்டிருந்தது ஒரு இளம்பெண்.

வீரம்னு சொன்னீங்களே, அதுக்கு சான் மக்கள்கிட்ட சூப்பர் மருந்து ஒன்னு இருக்கு. ஒருத்தன் பெரிய மிருகம் அடிச்சுட்டு வந்தா ஊரே சேந்து கிண்டல் பண்ணும், இந்த எலும்புக்கூட்ட தூக்கவா எங்கள இவ்ளோ தூரம் வர வச்சேங்கற ரேஞ்சுக்கு. 1960கள்ல அங்க தங்கி ஆராய்ச்சி பண்ண ரிச்சர்ட் லீ காரணம் கேட்டப்ப, நிறைய கறி கொண்டுவர்றவனுக்கு தலைக்கனம் ஏறிடும், ஒருநாள் அந்த கர்வம் யாரையாவது கொல்லும்ங்கற அர்த்தத்துல சொல்லிருக்காங்க. இன்னொன்னு, கறிய பங்கு போடற உரிமை அம்பு யாரோடதோ அவங்களுக்குத்தான், எய்தவனுக்கு இல்ல, அம்ப ஒருத்தருக்கொருத்தர் குடுத்து வாங்கிக்குவாங்க. அதனால வேட்டைக்கே போகாத கிழவர் கூட கறி பங்கு வைப்பார். எங்க ஆளுங்க செல்ஃபி போடறத பாக்கறப்ப இந்த முறைய இங்கயும் கொண்டு வரலாம்னு தோணும்.

எல்லா வேட்டைக்காரங்களுக்கும் ஒரே காரணமா?

இல்லவே இல்ல. 1970கள்ல ஸ்டீபன் கெல்லர்ட்னு ஒரு ஆராய்ச்சியாளர் அமெரிக்க வேட்டைக்காரங்கள மூணா பிரிச்சார், கறிக்காக போறவங்க, போட்டி மாதிரி ஜெயிக்க போறவங்க, இயற்கையோட ஒட்டி இருக்க போறவங்க. மூணாவது கூட்டம்தான் ரொம்ப சின்னது, ஆனா மிருகங்கள பத்தி அதிகமா தெரிஞ்சவங்களும் அவங்கதான்.

இன்னொன்னு, ஒரே ஆளுக்கே காரணம் மாறும். அமெரிக்காவோட விஸ்கான்சின் மாநிலத்துல ஜாக்சன், நார்ட்டன்னு ரெண்டு பேராசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேல வேட்டைக்காரங்ககிட்ட பேசி அஞ்சு கட்டம்னு சொன்னாங்க. முதல்ல சுட்டாலே போதும், அப்புறம் அனுமதிச்ச எண்ணிக்கைய முடிக்கணும், அப்புறம் பெரிய கொம்பு வேணும், அப்புறம் எப்படி அடிச்சோம்ங்கறதுதான் முக்கியம், கடைசில வெறுங்கையோட வந்தாலும் நிறைவா இருக்கறது. கேக்க அழகா இருக்கு. நான் எல்லாத்துலயும் ஒரு கால் வச்சிருக்கேன், பக்கத்து பரண்காரர் பெரிய கொம்போட வந்தா எனக்கு இன்னமும் வயிறு எரியும்.

தலைய வெட்டி சுவத்துல மாட்டறத எப்படி நியாயப்படுத்துவீங்க?

எனக்கு புடிக்காது, அதனால நியாயப்படுத்தற வேலை எனக்கு இல்ல. 2015ல ஜிம்பாப்வேல செசில்ங்கற சிங்கத்த, ஆராய்ச்சிக்கு காலர் மாட்டிருந்த சிங்கத்த, அம்பால காயப்படுத்தி பல மணி நேரம் கழிச்சு கொன்னாங்க, உலகமே கொதிச்சுது. என்னைய உறுத்தினது அந்த பல மணி நேரம். ஆனா போட்ஸ்வானா 2014ல இந்த வகை வேட்டைய நிறுத்திட்டு 2019ல திரும்ப அனுமதிச்சப்போ, யானையோட பக்கத்துலயே வாழற கிராமத்து ஜனங்களோட வருமானமும் பயிர் சேதமும் அந்த பேச்சுல இருந்துச்சு. தூரத்துல உக்காந்து ஒரே வரில தீர்ப்பு சொல்ல எனக்கு வாய் வரல. கென்யா 1977லயே வேட்டைய தடை பண்ணிடுச்சு, கோஸ்டாரிகா 2012ல விளையாட்டு வேட்டைய நிறுத்திச்சு, இந்தியால 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டம் இருக்கு. எந்த நாட்டுல எது சட்டமோ அதுதான் முதல் வரி, அத மீறறவன் திருடன், வேட்டைக்காரன் இல்ல.

"வேட்டைக்காரங்கதான் காட்ட காப்பாத்தறாங்க"ங்கறது உருட்டுதானே?

பாதி உண்மை, பாதி உருட்டு. அமெரிக்கால 1937ல ஒரு சட்டம் வந்துச்சு, துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போடற வரி, நீளத் துப்பாக்கிக்கு 11 சதவீதம், நேரா வனவிலங்கு பராமரிப்புக்கு போகும். அந்தக் காசுல எவ்வளவோ நடந்திருக்கு, உண்மை. ஆனா வேட்டைக்கே போகாம சும்மா துப்பாக்கி வாங்கறவனும் அதே வரிய கட்டறான்னு எங்க ஆளுங்க மெதுவாத்தான் சொல்வாங்க.

அந்த சட்டம் ஏன் தேவைப்பட்டுச்சுன்னும் சொல்லணும். அதே நாட்டுல கோடிக்கணக்குல இருந்த காட்டெருமை 1880கள் கடைசில ஆயிரத்துக்கும் கீழ வந்துச்சு, வானத்த மறைச்சு பறந்த பயணப் புறா இனத்தோட கடைசி ஒன்னு 1914 செப்டம்பர் 1ம் தேதி சின்சினாட்டி மிருகக்காட்சி சாலைல செத்துப்போச்சு. அது ரெண்டுக்கும் பெரிய காரணம் வேட்டைதான், விக்கறதுக்காக அடிச்ச கூட்டம். அத பாத்து பயந்துதான் 1887ல பின்னாடி அமெரிக்க ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட், கிரின்னல் மாதிரி ஆளுங்க பூன் அண்ட் க்ராக்கெட்ங்கற வேட்டைக்காரங்க கிளப்ப ஆரம்பிச்சு, மிருகத்துக்கு தப்பிக்க நியாயமான வாய்ப்பு இருக்கணும்னு விதி பேச ஆரம்பிச்சாங்க. வேலிக்குள்ள அடைச்சு சுடறதையும், ட்ரோன் விட்டு தேடறதையும் இன்னைக்கு நாங்க அசிங்கமா பாக்கறதுக்கு வேர் அங்க இருக்கு. வேட்டைல அர்த்தம்னு ஒன்னு இருந்தா அது அந்த தப்பிக்கற வாய்ப்புல இருக்கு, தோக்க முடியாத ஆட்டத்துல என்ன இருக்கு.

ஈயத் தோட்டா விஷயமும் நம்ம தலைலதான். விட்டுட்டு வந்த குடல்ல ஈயத் துணுக்கு இருக்கும், அத தின்ன கழுகுங்க செத்துச்சு, 1982ல கலிபோர்னியா காண்டோர்ங்கற பெரிய பிணந்தின்னிக் கழுகு 22தான் மிச்சம் இருந்துச்சு, அதுக்கு ஈயமும் ஒரு காரணம். அந்த மாநிலத்துல 2019லேந்து வேட்டைக்கு ஈயமே கூடாது. நான் செம்புக்கு மாறிட்டேன், விலை ஜாஸ்தி, அதுக்காக புலம்பற கூட்டத்துல சேர மாட்டேன்.

மனுஷன் ரத்தத்துலயே வேட்டை ஊறிருக்குன்னு சொல்றாங்களே?

ஜெர்மனில ஷோனிங்கன்ங்கற இடத்துல குதிரை எலும்புகளோட கிடைச்ச மர ஈட்டிக்கு குறைஞ்சது 2 லட்சம் வருஷம் வயசு இருக்கும்ங்கறாங்க. சரி, பழசுதான். ஆனா பழசுங்கறதுக்காக ஒன்னு சரியாயிடாது, இந்த வாதத்த நான் யூஸ் பண்றதே இல்ல.

குற்ற உணர்ச்சி வராதா?

வரும். பல ஊர்கள்ல அதுக்குன்னு ஒரு வழி வச்சிருக்காங்க. ஜெர்மன் வேட்டைக்காரங்க விழுந்த மானோட வாய்ல ஒரு சின்ன மரக்கிளைய வைப்பாங்க, அதோட கடைசி வாய் உணவுன்னு. வடதுருவப் பக்கத்து இனூயிட் ஜனங்க அடிச்ச சீலோட, அதாவது கடல்நாயோட வாய்ல நல்ல தண்ணி ஊத்துவாங்க, உப்புக் கடல்லயே வாழ்ந்த ஜீவன், தாகமா இருக்கும்ல. மிருகத்துக்கு அது தெரியப்போறதில்ல. செஞ்சவன் ஒரு நிமிஷம் குனிஞ்சு நிக்கணும், அதுக்குத்தான்.

ஆல்டோ லியோபோல்ட்னு அமெரிக்க வன அதிகாரி ஒருத்தர், சின்ன வயசுல ஓநாய் கம்மியானா மான் ஜாஸ்தியாகும்னு நம்பி ஒரு ஓநாய சுட்டார், கிட்ட போனப்ப அதோட கண்ல ஒரு பச்சை வெளிச்சம் அணையறத பாத்தத பல வருஷம் கழிச்சு எழுதினார். ஓநாய் பத்தின அவர் எண்ணமே மாறிப்போச்சு. ஆனா அவர் வேட்டைய விடல, கடைசி வரைக்கும் போனார். நிறைய பேருக்கு இது முரண்பாடா தெரியுது, எனக்கு அந்த ரெண்டும் ஒரே ஆளுக்குள்ள இருக்கறதுதான் நம்பற மாதிரி இருக்கு.

ஒரு நாள் கூட வரலாமா?

தாராளமா. சென்ட், வாசனை சோப்பு வேண்டாம். சரசரன்னு சத்தம் போடற ஜாக்கெட் வேண்டாம். உக்கார ஒரு தடிமனான பாய் துண்டு கொண்டு வாங்க, பலகை ஐஸ் மாதிரி இருக்கும். போன வண்டிலயே வச்சிடுங்க, வைப்ரேட்ல போட்டிருக்கேன்னு சொல்லாதீங்க, அதுவும் கேக்கும். இருமல் இருந்தா அடுத்த வாரம் வாங்க. நான் தோள தொட்டா அசையாதீங்க, எந்தப் பக்கம்னு திரும்பிப் பாக்கவும் கூடாது. சாயங்காலம் வரைக்கும் ஒன்னுமே வராதுங்கறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம், அப்புறம் என்னைய திட்டக்கூடாது.